வாசலில் மின்சாரக் கார், மீட்டரில் 30 அம்பியர்: வீட்டு சார்ஜர் வாங்க முன் யோசிக்க வேண்டியவை

சுமார் ஐந்து வருடங்கள் நீடித்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கும் நீக்கப்பட்டது. அதிலிருந்து எமது ஊர்களின் தெருக்களில் மின்சாரக் கார்கள் வேகமாகக் கூடி வருகின்றன. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாக நின்றதையும், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு அளந்து தந்த பெற்றோலைப் பெற்றதையும் எவரும் இன்னும் மறக்கவில்லை. "இனி செட் வாசலில் நிற்கத் தேவையில்லை" என்ற எண்ணமே பலரை மின்சாரக் காரின் பக்கம் தள்ளியிருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது.

கார் வாங்கும்போது மோட்டாரின் வலு எத்தனை கிலோவொட், அதற்கேற்ப வரி எவ்வளவு என்பதை எல்லோரும் நுணுக்கமாகப் பேசுகிறார்கள். மோட்டாரின் வலு 100 கிலோவொட்டா, 150 கிலோவொட்டா என்ற சர்ச்சை சுங்கத்திலிருந்து நீதிமன்றம் வரை சென்றதையும் பத்திரிகைகளில் பார்த்தோம். ஆனால் கார் வீட்டுக்கு வந்த பின்னர் ஒவ்வொரு இரவும் முகங்கொடுக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை: எமது வீட்டு மீட்டர் எத்தனை அம்பியர்?

வீட்டு வயரிங் வேலைகளிலும் பரிசோதனைகளிலும் பல வருடங்களாக ஈடுபட்டு வருபவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். கடந்த மாதங்களில் நான் பார்த்த வீடுகளில், காருக்காக எழுபது, எண்பது இலட்சத்துக்கு மேல் செலவிட்டவர்கள் எர்த் கம்பிக்குச் சில ஆயிரம் ரூபா செலவிடத் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். சார்ஜர் என்பது கைத்தொலைபேசி சார்ஜரைப் போல வாங்கிச் சொருகும் பொருள் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். ஒரு வீட்டில் மணிக்கணக்காக, இரவு முழுவதும், எல்லோரும் உறங்கும் வேளையில் இத்தனை பெரிய மின்னோட்டத்தை இழுக்கும் சாதனம் இதற்கு முன் எமது வீடுகளில் இருந்ததில்லை.

பெட்டி பெரிது, இணைப்பு சிறிது

விற்பனையாளர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பதும், சில வேளை காருடன் இலவசமாகத் தருவதும் 7 கிலோவொட் சுவர் சார்ஜர். அது முழு வேகத்தில் இயங்கும்போது 32 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். எமது நாட்டில் சாதாரண வீடுகளுக்கு மின்சார சபையோ லெக்கோவோ வழங்கும் இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர் தனிப் பேஸ். சில பழைய வீடுகளில் 15 அம்பியர்தான். 230 வோல்டில் 30 அம்பியர் என்றால் 6.9 கிலோவொட். அதாவது, சார்ஜர் மட்டும் கேட்கும் மின்சாரம் முழு வீட்டுக்கும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிடுகிறது. பிரிட்ஜ், மின்விசிறி, தண்ணீர் மோட்டார், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டாலும் கணக்கு சரிவராது.

"அப்படியானால் மூன்று பேஸ் எடுத்துவிடுகிறேன்" என்று சிலர் உடனே விண்ணப்பிக்கிறார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 30 அம்பியர் மூன்று பேஸ் இணைப்பில் ஒவ்வொரு பேஸுக்கும் எல்லை 30 அம்பியர்தான். தனிப் பேஸ் 7 கிலோவொட் சார்ஜர் ஒரேயொரு பேஸில்தான் தொங்கும். அங்கும் 32 என்பது 30ஐ விடப் பெரிதுதான். மூன்று பேஸ் எடுப்பதால் வீட்டின் மற்றப் பாவனைகளை ஏனைய இரண்டு பேஸ்களுக்குப் பிரித்துவிடலாம் என்ற நன்மை நிச்சயம் உண்டு. ஆனாலும் சார்ஜரின் மின்னோட்டத்தைக் குறைத்து அமைக்கத்தான் வேண்டும்.

இன்னொரு எல்லை காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் தொங்கும் பெட்டி உண்மையில் பற்றரியைச் சார்ஜ் செய்வதில்லை. அது பாதுகாப்பாக மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு வாயில் மட்டுமே. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக மாற்றிப் பற்றரிக்குள் செலுத்தும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. ஆரம்பகால ஜப்பானிய நிசான் லீஃப் கார்களில் அதன் அளவு சுமார் 3.3 கிலோவொட். அந்தக் காருக்கு 7 கிலோவொட் பெட்டியை வாங்கினாலும் 22 கிலோவொட் பெட்டியை வாங்கினாலும் கார் எடுப்பது 3.3தான். அதேபோல் 11 கிலோவொட், 22 கிலோவொட் பெட்டிகள் மூன்று பேஸில் இயங்குபவை. காரின் உள்ளக சார்ஜர் மூன்று பேஸை ஏற்காவிட்டால் அந்தப் பணம் வீண்.

எமக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை?

இதற்கு விடை காண, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நடுத்தர மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீற்றருக்குச் சுமார் 15 அலகு மின்சாரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் செய்யும்போது வெப்பமாக இழக்கப்படுவதற்கு இன்னும் பத்து வீதம் சேர்த்துக்கொள்வோம். கடைக்கும் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்து நாளாந்தம் 40 கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஏழு அலகுகூடத் தேவையில்லை.

இரவு 10.30 தொடக்கம் அதிகாலை 5.30 வரையான ஏழு மணித்தியாலத்தில், 10 அம்பியரில் சார்ஜ் செய்தால் ஏறக்குறைய 95 கிலோமீற்றர் ஓடலாம். 16 அம்பியரில் செய்தால் 150 கிலோமீற்றர். 32 அம்பியரில் செய்தால் 290 கிலோமீற்றரைத் தொடும். அன்றாடம் 290 கிலோமீற்றர் ஓடுபவர் எம்மில் எத்தனை பேர்? கொழும்பிலிருந்து கல்முனைக்கோ காத்தான்குடிக்கோ செல்லும் நாட்களில் வழியில் வேகச் சார்ஜர் தேவைப்படலாம். அது வேறு விடயம். வீட்டுச் சார்ஜரைப் பெரிதாக்குவதால் அந்தப் பயணம் இலகுவாகிவிடாது. முதல்நாள் இரவு முழுவதும் சிறிய சார்ஜரில் போட்டு வைத்தாலும் காலையில் ஏறத்தாழ நிறைந்த பற்றரியுடன் புறப்படலாம்.

ஆகவே 30 அம்பியர் தனிப் பேஸ் வீட்டுக்கு எனது பரிந்துரை இதுதான்: மின்னோட்டத்தை 6 அம்பியர் முதல் 32 அம்பியர் வரை மாற்றக்கூடிய சார்ஜரை வாங்கி, அதை 16 அம்பியரில், அதாவது 3.6 கிலோவொட்டில் அமைத்துக்கொள்ளுங்கள். வசதி இருந்தால், பிரதான வயரில் சிறு உணரியை மாட்டி, வீட்டின் மொத்தப் பாவனை கூடும்போது தானாகவே குறைந்துகொள்ளும் வகையைத் தேடுங்கள். நோன்பு காலத்தில் இதன் அருமை தெரியும். சஹர் நேரத்தில் கேத்தலும் ரைஸ் குக்கரும் தண்ணீர் மோட்டாரும் ஒன்றாக ஓட, கீழே காரும் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால், மீட்டருக்குப் பக்கத்திலுள்ள பிரேக்கர் விழுந்து வீடே இருளாகிவிடும்.

13 அம்பியர் பிளக்கில் சொருகலாமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. காருடன் வரும் கையடக்கக் கேபிளை 13 அம்பியர் சொக்கெட்டில் சொருகலாம். ஆனால் நிபந்தனைகளுடன். அந்தச் சொக்கெட் கேத்தலுக்கும் அயன் பெட்டிக்கும் என்று செய்யப்பட்டது. கேத்தல் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் எட்டு மணித்தியாலம் இழுக்கும். எனவே 10 அம்பியருக்கு மேல் போகக்கூடாது. 8 அம்பியர் இன்னும் நல்லது. எஸ்எல்எஸ் தரச்சின்னம் உள்ள சொக்கெட்டாக இருக்க வேண்டும். டிபி போர்டிலிருந்து அதற்கென்றே தனி வயர் வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் கோட் எந்தக் காரணத்துக்கும் கூடாது. சார்ஜ் செய்யத் தொடங்கி அரை மணித்தியாலத்தின் பின் பிளக்கின் மேற்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஜப்பானிலிருந்து பாவித்த கார் வாங்கியவர்கள் இன்னொரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கார்களுடன் வரும் கேபிள் ஜப்பானின் 200 வோல்ட் தனிச் சொக்கெட்டுக்காகச் செய்யப்பட்டது. அது 15 அம்பியர் வரை எடுக்கும். இங்கே அதன் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் போட்டுக் கொடுக்கிறார்கள். சில மாதங்களில் பிளக் பழுப்பாகி, உருகி, சொக்கெட்டோடு ஒட்டிக்கொண்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் "பிளக் தரமில்லை" என்று மூன்று தடவை மாற்றியிருந்தார். பிழை பிளக்கில் இல்லை. அப்படியான கேபிளுக்கு நீல நிற 16 அம்பியர் தொழிற்றுறைச் சொக்கெட்டைத் தனி வயரில் பொருத்துவதே சரி. அதன் விலை ஒன்றும் பெரிதல்ல.

காரின் வாயும் சார்ஜரின் வாயும் பொருந்துகின்றனவா என்பதையும் வாங்க முன் பாருங்கள். ஜப்பானியக் கார்களில் பொதுவாக ஐந்து ஊசிகள் கொண்ட டைப் 1. பிவைடி போன்ற புதிதாக எமது சந்தைக்கென்று வரும் கார்களில் ஏழு ஊசிகள் கொண்ட டைப் 2. சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார் என்றால் ஜிபி/டி என்ற வேறு வகை. கேபிள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட சார்ஜருக்குப் பதிலாக, டைப் 2 துவாரம் மட்டும் உள்ள சார்ஜரை வாங்கினால், நாளை காரை மாற்றும்போது கேபிளை மட்டும் மாற்றினால் போதும்.

எர்த் இல்லாத வீட்டில் சார்ஜர் வேண்டாம்

எமது நாட்டில் வீட்டுக்கான எர்த்தை மின்சார சபை தருவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனது வளவில் நிலத்தில் அடித்த எர்த் கம்பியே அந்த வீட்டின் எர்த். வீடு கட்டிய காலத்தில் அடித்த கம்பி துருப்பிடித்தோ, முற்றத்துக்குக் கல் பதிக்கும்போது அறுந்தோ, மேல்மாடி கட்டும்போது மறைந்தோ போயிருக்கலாம். மின்குமிழ் எரிகிறது, ஏசி ஓடுகிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த் இல்லாமலும் எல்லாம் ஓடும். விபத்து நடக்கும் நாளில்தான் அது இல்லை என்பது தெரியவரும்.

நல்ல சார்ஜர்கள் பலவற்றில் எர்த் சோதனை உண்டு. எர்த் மோசமாக இருந்தால் சிவப்பு விளக்கைக் காட்டி, சார்ஜ் செய்ய மறுத்துவிடும். அப்போது சில எலக்ட்ரிக் பாஸ்மார் ஒரு "குறுக்குவழி" செய்கிறார்கள். சார்ஜருக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்து வேலை செய்யத் தொடங்கும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் அந்தக் கணத்தில் காரின் முழு உடம்பும் மின்சாரமாகிவிடும். மழை நாளில் ஈர நிலத்தில் நின்று கார்க் கதவைத் திறக்கும் பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். யாராவது இப்படிச் செய்து தருவதாகச் சொன்னால், அவரை அன்றே அனுப்பிவிடுங்கள். புதிய எர்த் கம்பி அடித்து, அதன் தடையை மீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணை எழுதித் தருபவரைத் தேடுங்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது ட்ரிப் சுவிட்ச். வீட்டில் ஏற்கனவே ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்பது போதாது. எமது வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் ஏசி வகை. மின்சாரக் காரிலிருந்து நேர்திசை மின்னோட்டம் கசிந்தால் அந்த வகை ட்ரிப் சுவிட்ச் மரத்துப்போய்விடும். பிறகு குளியலறையில் ஒருவருக்கு மின்சாரம் தாக்கினாலும் அது விழாமல் நிற்கக்கூடும். எனவே சார்ஜருக்கென்று 30 மில்லி அம்பியர் டைப் ஏ ட்ரிப் சுவிட்ச் தனியாக வேண்டும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி அம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டறியும் வசதியும் வேண்டும். அந்த வசதி இல்லாத சார்ஜர் என்றால் விலை கூடிய டைப் பி ட்ரிப் சுவிட்சைத்தான் போட வேண்டும். சார்ஜரின் விபரப் பட்டியலில் இதையும், ஐஈசி 61851 என்ற சர்வதேசத் தரத்தையும் பார்த்து வாங்குங்கள்.

வயர் விடயத்தில் சுருக்கமாகச் சொல்வதானால், 16 அம்பியரில் ஓட்டினாலும் 6 சதுர மில்லிமீற்றர் வயரையே போடுங்கள். கடையில் 7/1.04 என்று கேட்டால் தருவார்கள். நாளை இணைப்பைப் பெரிதாக்கினால் சுவரை மீண்டும் உடைக்கத் தேவையிராது.

பொருத்தும் இடத்தையும் ஊருக்கேற்பத் தீர்மானிக்க வேண்டும். அக்குறணை போன்று வெள்ளம் புகும் ஊர்களில், கடந்த வெள்ளத்தின் கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு மேலே பொருத்துங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று செம்பையும் தின்றுவிடும். மழையும் தூசும் புகாத மூடியுள்ள பெட்டியை, வெயில் நேரடியாகப் படாத சுவரில் வையுங்கள். இடி மின்னல் கூடிய ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பின்னேரங்களில் கேபிளைக் கழற்றி வைப்பதும், டிபி போர்டில் மின்னெழுச்சிப் பாதுகாப்பைப் போட்டுக்கொள்வதும் காருக்கும் வீட்டுக்கும் நல்லது.

மஃரிபுக்குப் பின் சொருகுவதன் விலை

நாட்டின் மின்சாரத் தேவை உச்சத்தைத் தொடுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. எமது பாஷையில் சொன்னால், மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வருவதிலிருந்து இராச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் உறங்கும் வரை. நோன்பு காலத்தில் நோன்பு திறப்பதிலிருந்து தராவீஹ் முடிந்து வீடு திரும்பும் வரை. வேலை முடிந்து வந்து காரை நிறுத்தி உடனே சொருகுவது இந்த நேரத்தில்தான். சூரியன் மறைந்த பின் வரும் அந்தத் தேவையைச் சமாளிக்கச் செலவு கூடிய எண்ணெய் மின்நிலையங்களையும் ஓட்ட வேண்டி வருகிறது. ஒரே தெருவில் பத்துப் பேர் ஏழு மணிக்குச் சொருகினால், அந்தத் தெருவின் டிரான்ஸ்போமர் தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

இப்போது சாதாரண வீட்டுக் கட்டணத்தில் இதன் செலவைப் பார்ப்போம். 2025 ஜூன் மாதம் கட்டணம் 15 வீதத்தால் அதிகரிக்கப்பட்ட பின்னர், 121 முதல் 180 வரையான அலகுகளுக்குத் தலா 41 ரூபாவும், 180க்கு மேற்பட்டவற்றுக்குத் தலா 61 ரூபாவும் அறவிடப்பட்டன. மாதம் 120 அலகு பாவிக்கும் குடும்பம் ஒன்று, மாதம் 1000 கிலோமீற்றர் ஓடும் மின்சாரக் காரை வாங்கினால் மேலதிகமாக 165 அலகு வரும். அதில் 60 அலகு 41 ரூபாவிலும் 105 அலகு 61 ரூபாவிலும் விழும். கிட்டத்தட்ட 8,900 ரூபா. நிலையான கட்டணமும் இதனுடன் கூடும். ஏற்கனவே 180 அலகைத் தாண்டிய வீடு என்றால் 10,000 ரூபாவுக்கு மேல். அதே தூரத்தை லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காரில், லீற்றர் 300 ரூபா என்று வைத்து ஓடினால் 25,000 ரூபா. ஆகவே மின்சாரக் கார் இலாபமே. ஆனால் "செலவே இல்லை" என்று விற்பனையாளர் சொல்வது உண்மையல்ல.

வீட்டுப் பாவனையாளருக்கான நேரவாரிக் கட்டணம் ஒன்றும் உண்டு. அதில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை அலகின் விலை மிகக் குறைவு. உச்ச நேரத்தில் விலை மிக அதிகம். இது 30 அம்பியர் மூன்று பேஸும் அதற்கு மேற்பட்டதுமான இணைப்புள்ளவர்களுக்கென்று தொடங்கப்பட்ட திட்டம். உங்கள் இணைப்பு இதற்குத் தகுதியானதா என்பதைப் பிரதேச மின் அத்தியட்சகர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். ஆனால் மாறுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். அந்த உச்ச விலை காருக்கு மட்டுமல்ல, மாலை நேரச் சமையல், ஏசி, அயன் எல்லாவற்றுக்கும்தான். காரை நள்ளிரவில் சார்ஜ் செய்து மிச்சம் பிடிப்பதை, மாலை ஏசியில் இழந்துவிடும் வீடுகளும் உண்டு.

கிழக்கில் ஒரே வளவில், ஒரே மீட்டரில் உம்மாவின் வீடும் இரண்டு மகள்மாரின் வீடுகளும் இயங்குவது சாதாரணம். அங்கே கார் வரும் நாளிலிருந்து மாதாந்த பில் ஒரு குடும்பப் பிரச்சினையாகிவிடுகிறது. மச்சானின் காருக்காக மற்றவர்களின் அலகுகளும் மேல்மட்ட விலைக்கு ஏறுகின்றன. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனதுக்குள் வைத்திருப்பார்கள். சார்ஜர் வயரில் ஒரு சிறிய சப் மீட்டரைப் பொருத்தி, அது காட்டும் அலகுகளை மேல்மட்ட விலையிலேயே கணக்கிட்டுக் கார்க்காரர் கொடுத்துவிடுவதுதான் நீதி. குடும்பத்துக்குள் ஹக்கு விடயத்தில் மௌனம் நல்லதல்ல.

கூரையில் சூரிய சக்தி உள்ளவர்களுக்கு

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முழு நாடும் இருளில் மூழ்கியதைக் குரங்கின் கதையாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று பகல், தேவை குறைவாகவும் சூரிய மின்சாரம் அதிகமாகவும் இருந்ததால் மின்கட்டமைப்பு பலவீனமாக இருந்தது என்பதே மின்சார சபை சொன்ன முக்கியமான விடயம். அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சூரியத் தொகுதிகளை அணைத்து வைக்குமாறு மக்களிடம் கேட்கப்பட்டது. மாலையில் மின்சாரம் போதாது, விடுமுறைப் பகலில் மிஞ்சுகிறது. இதுதான் இன்றைய இலங்கையின் நிலைமை.

ஆகவே கார் பகலில் வீட்டில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் நண்பகல் நேரத்தில் சார்ஜ் செய்வது நாட்டுக்கும் உதவி. சூரியத் தொகுதி உள்ளவருக்கு இலாபமா என்பது அவரது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நெட் மீட்டரிங் என்றால் நீங்கள் அனுப்பும் அலகு உங்கள் பாவனையிலிருந்து அலகுக்கு அலகு கழிக்கப்படும். மிஞ்சும் அலகுகளுக்குக் கார் நல்ல பயன்பாடு. நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதும் தனியாக விற்கப்படுகிறது. வீட்டுப் பாவனைக்கு வேறாகக் கட்டணம். அங்கே "சூரிய ஒளியில் கார் ஓட்டுகிறேன்" என்பது மனத்திருப்தி மட்டுமே. பில் குறையாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்துண்டிப்பு வந்ததைப் போன்ற நிலை மீண்டும் வந்தாலும் "எனக்குச் சூரியத் தகடு இருக்கிறது, கார் ஓடும்" என்கிறார்கள். பற்றரி இல்லாத சாதாரணக் கூரைத் தொகுதி, மின்சார சபையின் மின்சாரம் போனவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எரிபொருள் வரிசையிலிருந்து தப்பியவர்கள் மின்துண்டிப்புக்கும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். குறைந்த பட்சம், பற்றரியை எப்போதும் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருப்பது அந்தத் திட்டமாகலாம்.

வீடு இல்லாதவருக்கு என்ன வழி?

இதுவரை எழுதியதெல்லாம் சொந்த வாசலில் காரை நிறுத்தக்கூடியவருக்கு. மாளிகாவத்தையிலும் புதுக்கடையிலும் மாடிவீடுகளில் வாழ்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு, பிள்ளைகள் விளையாடும் நடைபாதையைக் கடந்து சார்ஜ் செய்யும் காட்சியை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தொடர்மாடிகளின் வாகனத் தரிப்பிடத்தில் தனி மீட்டருடன் கூடிய பொதுச் சார்ஜர்களை அமைப்பது வீடமைப்பு அதிகாரிகளும் உள்ளூராட்சி மன்றங்களும் செய்ய வேண்டிய வேலை. எமது மக்கள் பிரதிநிதிகள் இதுபற்றி வாய்திறந்ததை நான் கேட்டதில்லை.

கூரையில் சூரியத் தகடுகளும் முன்னால் வாகனத் தரிப்பிடமும் உள்ள பள்ளிவாசல்கள் எம்மிடம் உண்டு. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை ஊராருக்குப் பயன்படுத்துவது நல்ல யோசனைதான். ஆனால் பள்ளிவாசலுக்கு மத வழிபாட்டிடங்களுக்கான தனிக் கட்டணப் பிரிவில் மின்சாரம் கிடைக்கிறது. அதை எடுத்துத் தனியார் கார்களுக்குக் கொடுப்பது முறையல்ல. செய்வதானால் தனி இணைப்பு எடுத்து, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவினதும் மின்சார சபையினதும் அனுமதியுடன் செய்ய வேண்டும். நம்பிக்கையாளர் சபைகள் இதை ஆராய்ந்து பார்க்கலாம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. மின்சாரக் காரை இறக்குமதி செய்ய அனுமதித்து, வரியையும் பெற்றுக்கொண்ட அரசு, அந்தக் கார்கள் உச்ச நேரத்தில் சொருகப்படாமல் இருப்பதற்கான வழியையும் திறந்துவிட வேண்டும். தனிப் பேஸ் வீடுகள் எல்லாவற்றுக்கும் இலகுவாகக் கிடைக்கும் நேரவாரிக் கட்டணமோ, காருக்கென்று தனியான இரண்டாவது மீட்டரோ வந்தால், மக்கள் தாமாகவே நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் மாறிக்கொள்வார்கள். அலகின் விலையில் வித்தியாசம் தெரியாதவரை, மஃரிபுக்கு வந்தவர் மஃரிபுக்கே சொருகுவார்.

அதுவரை, பணம் கொடுக்க முன் ஒவ்வொருவரும் ஐந்து கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். எனது மீட்டர் எத்தனை அம்பியர்? காரின் உள்ளக சார்ஜர் எத்தனை கிலோவொட்? எர்த்தின் தடையை யார், எப்போது அளந்தார்? சார்ஜருக்கென்று சரியான வகை ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா? எந்த நேரத்தில், என்ன விலைக்கு சார்ஜ் செய்யப்போகிறேன்? சார்ஜரின் கம்பனிப் பெயர் ஆறாவது கேள்விதான். பெரிய பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை எர்த்துக்கும் வயருக்கும் நல்ல பாஸின் கூலிக்கும் கொடுத்தால், கார் நிறையும் வேகத்தில் நாம் இழப்பது எதுவுமில்லை. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக உறங்கலாம்.